உஷார்! பிஞ்சு வரிசையின் பின்னால் நிற்கிறார் உங்கள் குவார்ட்டர்பேக்

ஐந்து, ஐந்து, ஐந்து, ஆறு. மொத்தம் 21.

2025 சீசனின் பிளேஆஃபில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் ஆடிய நான்கு ஆட்டங்களில், குவார்ட்டர்பேக் டிரேக் மே பந்தை எறியும் முன்பே தரையில் சாய்க்கப்பட்ட கணக்கு இது. ஒரே பிளேஆஃபில் இத்தனை ‘சாக்’ வாங்கியவர் அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். வரலாற்றில் வேறு யாரும் இல்லை. கடைசி ஆறும் விழுந்தது 2026 பிப்ரவரி 8 அன்று, சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில். சியாட்டில் சீஹாக்ஸ் 29-13 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது.

அதே பேட்ரியட்ஸ் வழக்கமான சீசனில் 14 வெற்றி, 3 தோல்வி என்று ஓடிவந்த அணி. அப்போது அந்த அணியின் இடது பக்கத்தைக் காட்டி எல்லோரும் சொன்ன வார்த்தை, ‘எதிர்காலம்’. லெஃப்ட் டேக்கிள் வில் கேம்ப்பெல், கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2025-இல் நான்காவதாக எடுக்கப்பட்டவர். அவருக்குப் பக்கத்தில் லெஃப்ட் கார்டாக நின்ற ஜாரெட் வில்சன், அதே டிராஃப்டின் மூன்றாவது சுற்றில் வந்தவர். இருவருக்கும் அதுதான் முதல் ஆண்டு. கல்லூரியில் சென்டராக ஆடிய வில்சனுக்கு நின்ற இடமே புதிது. இருவரும் நவம்பரில் ஒரே ஆட்டத்தில் காயப்பட்டார்கள். முழங்காலில் அடிபட்ட கேம்ப்பெல் வழக்கமான சீசனின் கடைசி வாரத்தில்தான் திரும்பினார். திரும்பிய கையோடு லீகின் முரட்டுத்தனமான தற்காப்பு அணிகளை வரிசையாகச் சந்தித்தார்கள். பிளேஆஃப் பொறுமை காட்டாது.

இப்போது அடுத்த சீசனுக்கு முன்னால் ஊர் ஊராக ஒரே வசனம் கேட்கிறது: “பையன்கள்தானே, ஒரு வருஷம் ஆடிட்டாங்கன்னா தேறிடுவாங்க.” பேட்ரியட்ஸ் ரசிகர்களின் பாஸ்டனில் மட்டும் இல்லை. இளம் அஃபென்சிவ் லைன் வைத்திருக்கும் எல்லா ஊரிலும் இதே வசனம்தான். கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால், இந்த வசனத்தை நம்பி இதுவரை முறிந்த விலா எலும்புகளும் கிழிந்த முழங்கால் தசைநார்களும் கொஞ்சநஞ்சமல்ல. இளம் வரிசை தானாகத் தேறாது. தேற்றினால்தான் தேறும். தேற்றும் வேலையைச் செய்யாத அணி, அதற்கான விலையைக் குவார்ட்டர்பேக்கின் உடம்பிலிருந்து எடுக்கிறது.

ஐந்து பேரும் ஒரே வேலையும்

ஆட்டத்துக்குப் புதியவர்களுக்குச் சுருக்கமாக: பந்து வைத்திருக்கும் அணியின் முன்னால் தோளோடு தோள் நிற்கும் ஐந்து பேர்தான் அஃபென்சிவ் லைன். நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டுகள், இரு ஓரங்களிலும் டேக்கிள்கள். ஆளுக்கு 140 கிலோ இருப்பது சாதாரணம். பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டரைத் தவிர மற்ற நால்வரும் ஆட்டம் முழுக்கப் பந்தைத் தொடாமலே வீட்டுக்குப் போவார்கள். ஓடுபவருக்கு வழி திறப்பதும், எறிபவருக்கு நேரம் வாங்கித் தருவதும் அவர்கள் வேலை.

அந்த நேரம் எவ்வளவு? ஒரு லைன்மேன் தன் ஆளை 2.5 விநாடி தடுத்து நிறுத்தினால் ‘ஜெயித்தார்’ என்று எழுதிக்கொள்கிறது இ.எஸ்.பி.என். கணக்கு. இரண்டரை விநாடிதான். ஆனால் ஐந்து பேரும் சேர்ந்து அதை ஜெயிக்க வேண்டும். நான்கு பேர் ஜெயித்து ஒருவர் தோற்றால் அந்த ஆட்டத்துண்டில் ஐவரும் தோற்றவர்களே.

தனி மனிதத் திறமை இதில் ஓரளவுக்குத்தான் எடுபடும். ஜோ தாமஸைப் பாருங்கள். கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணிக்காக 10,363 ஆட்டத்துண்டுகள் தொடர்ச்சியாக, ஒன்றுகூட விடாமல் ஆடிய லெஃப்ட் டேக்கிள். இன்று ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். ஒரே ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடாமல்தான் ஓய்வு பெற்றார். ஒரு மூலையில் மகா மனிதர் நின்றால் வரிசை ஆகிவிடாது.

‘தானாகத் தேறும்’ என்பது ஏன் ஆபத்தான நம்பிக்கை?

முதல் காரணம் கல்லூரி. இன்றைய கல்லூரி ஆட்டத்தில் பெரும்பாலான அணிகள் வீரர்களை அகலமாகப் பரப்பி, பந்தைச் சட்டென்று கைமாற்றும் முறையில் ஆடுகின்றன. லைன்மேன் கையைத் தரையில் ஊன்றாமல் நின்றபடியே தொடங்குகிறார். பல சமயம் ஒரு விநாடி தள்ளினாலே போதும், பந்து கையை விட்டுப் போயிருக்கும். எதிரில் என்ன தற்காப்பு வருகிறது, யாரை யார் பிடிப்பது என்று படித்துச் சொல்லும் சுமை அவர்மேல் அதிகம் இல்லை. என்.எஃப்.எல்.லுக்கு வந்த முதல் நாளே அவர் எதிரில் நிற்பவருக்குப் பத்தாண்டு அனுபவம். அவர் ஒரு தடவை வெளியே சுற்றுவார், அடுத்த தடவை நெஞ்சில் முட்டுவார், மூன்றாவது தடவை சுற்றுவதுபோல் காட்டி உள்ளே நுழைவார்.

இரண்டாவது காரணம் பயிற்சி விதிகள். 2011-இல் வீரர்கள் சங்கமும் அணி உரிமையாளர்களும் செய்துகொண்ட ஒப்பந்தம், முழுக் கவசத்தோடு ஒரே நாளில் இரண்டு முறை பயிற்சி செய்யும் பழைய வழக்கத்தை ஒழித்தது. சீசன் நடக்கும்போது கவசம் போட்ட பயிற்சி மொத்தமே 14 என்றும் வரம்பு வைத்தது. 2020 ஒப்பந்தம் கோடை முகாமின் கவசப் பயிற்சிகளையும் 16 ஆகக் குறைத்தது. மூளையதிர்ச்சியும் மூட்டுத் தேய்மானமும் பார்த்த வீரர்கள் கேட்டு வாங்கிய பாதுகாப்பு அது. அதில் தவறே இல்லை. ஆனால் அந்தக் குறைப்பில் அதிகம் இழப்பவர் லைன்மேன்தான். பந்து பிடிப்பவர் அரைக்கால் சட்டையோடு மைதானத்தில் ஓடிப் பழகலாம். ஒரு 130 கிலோ ஆள் நெஞ்சில் மோதும்போது பாதத்தை எங்கே ஊன்றுவது என்பதை மோதாமல் பழக முடியாது. முன்பு கல்லூரியும் முகாமும் சேர்ந்து நாற்றங்காலாக இருந்தன. இப்போது நாற்று முற்றும் முன்பே பிடுங்கி வயலில் நடுகிறார்கள், அதுவும் புயல் காலத்தில்.

மூன்றாவது காரணம்தான் இருப்பதிலேயே பெரியது. இந்த வேலையில் பாதி, பக்கத்தில் நிற்பவரோடு சேர்ந்து கற்க வேண்டியது. எதிரணியின் இருவர் பாதி வழியில் இடம் மாறிப் பாய்வார்கள். வெளியே நின்றவர் உள்ளே வெட்டுவார், உள்ளே நின்றவர் சுற்றிக்கொண்டு வெளியே வருவார். ‘ஸ்டன்ட்’ என்பார்கள். அந்தக் கணத்தில் கார்டும் டேக்கிளும் ஆளைக் கைமாற்ற வேண்டும். இருவரும் ஒரே ஆள்மேல் பாய்ந்தால் இன்னொருவர் தடையின்றி உள்ளே வந்துவிடுவார். பேசித் தீர்க்க நேரம் கிடையாது. வெளியூர் மைதானத்தில் 70,000 பேர் கத்தும்போது பேசினாலும் காதில் விழாது. பந்து எப்போது கிளம்பும் என்பதையே ஒலியில்லாத சைகையில்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்து ஆளின் தோள் அசைவிலேயே அவர் மனசைப் படிக்கிற பழக்கம் வேண்டும். அது சேர்ந்து ஆடிய மாதங்களில்தான் வரும்.

இப்போது நினைத்துப் பாருங்கள். அனுபவசாலி கார்டுக்குப் பக்கத்தில் ஒரு புது டேக்கிள் நின்றால், கைமாற்றத்தில் ஒருவருக்காவது விடை தெரியும். இருவருமே புதியவர்கள் என்றால்? இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும் அந்த அரை விநாடியில் குவார்ட்டர்பேக்கின் முதுகில் ஆள் ஏறியிருப்பார்.

தெரிந்தும் ஏன் இறக்குகிறார்கள்?

பணம். 2025-இல் ஓர் அணி வீரர்கள் அனைவருக்குமாகச் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 27 கோடியே 92 லட்சம் டாலர். நிரூபித்துக் காட்டிய குவார்ட்டர்பேக்கின் இரண்டாவது ஒப்பந்தம் அதில் பெரும் பங்கைத் தின்றுவிடும். சின்சினாட்டி பெங்கால்ஸ் 2023-இல் ஜோ பர்ரோவுடன் போட்டது ஐந்து ஆண்டுக்கு 27.5 கோடி டாலர் ஒப்பந்தம். ஆனால் டிராஃப்டில் வந்த புதியவரின் சம்பளமோ நான்கு ஆண்டுக்கு நிர்ணயித்தது, மலிவானது. முதல் சுற்றுக்காரர் என்றால் ஐந்தாம் ஆண்டையும் நீட்டிக்கொள்ள அணிக்கு உரிமை உண்டு. ஆக, குவார்ட்டர்பேக் மலிவாக இருக்கும் அந்த நான்கைந்து ஆண்டுக்குள் கோப்பையை அடித்துவிட வேண்டும் என்று நிர்வாகம் பறக்கிறது.

ஆனால் நல்ல வரிசை அமைய மூன்று ஆண்டாவது பிடிக்கும். அந்த மூன்று ஆண்டை யாரும் கொடுக்கத் தயாராக இல்லை. பொது மேலாளருக்கு வேலை போகும் பயம், தலைமைப் பயிற்சியாளருக்கும் அதே பயம், ரசிகனுக்கோ அவசரம். இந்த மூவரின் அவசரத்துக்கும் அடி வாங்குவது நான்காவது ஆள்.

இதுவரை கொடுத்த விலை

டேவிட் கார். 2002-இல் புதிதாகத் தொடங்கிய ஹூஸ்டன் டெக்சன்ஸ் அவரை டிராஃப்டின் முதல் ஆளாக எடுத்தது. அவரைக் காக்க ஜாக்சன்வில் அணியிலிருந்து டோனி போசெல்லி என்ற மகத்தான லெஃப்ட் டேக்கிளையும் கொண்டுவந்தது. திட்டம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் தோள் காயத்தால் போசெல்லி டெக்சன்ஸ் சட்டையில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. மாற்றுத் திட்டம் என்று ஒன்று இல்லை. இரண்டாவது சுற்றில் வந்த புதுமுகம் செஸ்டர் பிட்ஸை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். அந்த ஆண்டு கார் வாங்கிய சாக் 76. இன்றுவரை யாரும் தொடாத சாதனை, யாரும் விரும்பாத சாதனை. 2005-இல் மீண்டும் 68. ஐந்து சீசனில் 249. 2007-இல் அணி அவரை விடுவித்தது. பந்து வரும்முன்பே அடியை எதிர்பார்த்துக் கண்ணைத் தாழ்த்தும் பழக்கம் ஒரு இளம் குவார்ட்டர்பேக்கிடம் ஒட்டிக்கொண்டால், பிற்பாடு எவ்வளவு நல்ல வரிசை கொடுத்தாலும் அதைக் கழற்றுவது கடினம்.

ஜோ பர்ரோ. 2020-இன் முதல் தேர்வு. பத்து ஆட்டத்தில் 32 சாக். நவம்பர் 22, வாஷிங்டனில் இடது முழங்காலின் தசைநார்கள் கிழிந்தன. அடுத்த டிராஃப்டில் பெனே சூவல் என்ற டேக்கிள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். பெங்கால்ஸ் பந்து பிடிப்பவரான ஜாமார் சேஸை எடுத்தது. சேஸ் அபாரமான வீரர், அந்தத் தேர்வைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வரிசையைச் சரிக்கட்டும் வேலை பாக்கியாகவே நின்றது. 2021 வழக்கமான சீசனில் பர்ரோ 51 சாக் வாங்கினார், லீகிலேயே அதிகம். பிளேஆஃபில் இன்னும் 19. டென்னஸிக்கு எதிராக ஒன்பது முறை விழுந்தும் ஜெயித்தார். சூப்பர் பவுலில் ஏழு முறை விழுந்தார், 23-20 என்று தோற்றார். அதற்குப் பிறகுதான் நிர்வாகம் விழித்து, அனுபவமுள்ள மூன்று லைன்மேன்களைப் பணம் கொடுத்து அழைத்து வந்தது.

எல்லாவற்றையும் விட நியூயார்க் ஜயண்ட்ஸ் கதையை ஒவ்வொரு அணியும் படிக்க வேண்டும். ஏனென்றால் அவர்கள் சோம்பேறித்தனம் செய்யவில்லை. வரிசைக்காகத் தேர்வுகளைக் கொட்டினார்கள். 2020-இல் நான்காவது ஆளாக ஆண்ட்ரூ தாமஸ். 2022-இல் ஏழாவது ஆளாக எவன் நீல், மூன்றாம் சுற்றில் ஜோஷ் எஸூடு, ஐந்தாம் சுற்றில் மார்கஸ் மெக்கீதன். 2023-இல் இரண்டாம் சுற்றில் சென்டர் ஜான் மைக்கேல் ஷ்மிட்ஸ். காகிதத்தில் பார்த்தால் பத்தாண்டுக்குக் கவலையில்லாத இளம் வரிசை.

2023 செப்டம்பர் 10, முதல் ஆட்டம். டல்லஸ் கௌபாய்ஸிடம் 40-0 தோல்வி, ஏழு சாக். தேறிய ஒரே ஆளான தாமஸ் தொடைத் தசை காயத்தால் வெளியே போனார். எஞ்சியவர்கள் கற்றுக்கொண்டிருப்பவர்கள். அக்டோபர் 2-இல் சீஹாக்ஸ் அவர்களை 11 முறை உடைத்து நுழைந்தது, அதில் பத்து முறை விழுந்தவர் குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸ். அடுத்த வாரம் மயாமியில் ஜோன்ஸுக்குக் கழுத்தில் காயம். பதிலுக்கு வந்த டைராட் டெய்லருக்கு அதே மாத இறுதியில் விலாவில் காயம். நவம்பரில் திரும்பிய ஜோன்ஸுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. யாரும் மோதாமலே கிழிந்ததுதான் என்றாலும் சீசன் முடிந்தது முடிந்ததுதான். கடைசியில் டிராஃப்டில் யாரும் எடுக்காத புதுமுகம் டாமி டிவிட்டோ வந்து நின்றார். அந்த சீசனில் ஜயண்ட்ஸ் கொடுத்த சாக் 85. லீகின் வரலாற்றில் இதைவிட அதிகம் கொடுத்தது 1986 ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் மட்டுமே, 104.

எங்கே கோட்டை விட்டார்கள்? பயிற்சியாளர்களை எண்ணிப் பாருங்கள். முதல் ஐந்து சீசனில் தாமஸ் பார்த்த லைன் பயிற்சியாளர்கள் ஐந்து பேர். முதல் ஆண்டின் நடுவிலேயே ஒருவரை நீக்கி இன்னொருவரைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவரும் கால் வைக்கும் முறையை, கை வைக்கும் இடத்தை, எச்சரிக்கைச் சொற்களை மாற்றுவார்கள். தாமஸ் அத்தனையையும் மீறித் தேறினார், 2022-இல் லீகின் இரண்டாவது சிறந்த ஐவர் பட்டியலில் இடம்பிடித்தார். ஆனால் எல்லோரும் தாமஸ் ஆக முடியாது. நீலைப் பாருங்கள். அலபாமாவில் மூன்று ஆண்டில் மூன்று இடம்: லெஃப்ட் கார்ட், ரைட் டேக்கிள், லெஃப்ட் டேக்கிள். ஜயண்ட்ஸில் ரைட் டேக்கிள். 2025-இல் ஐந்தாம் ஆண்டு உரிமையை அணி வேண்டாமென்று விட்டது, கார்டாக மாறச் சொன்னது. வலமிருந்து இடம் மாறுவது சின்ன விஷயம் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். பின்வாங்கும் கால், முதலில் நீளும் கை, இடுப்பு திரும்பும் திசை என்று எல்லாமே தலைகீழாகும். பழகிய உடம்பு ஒன்று சொல்லும், புதிய இடம் வேறு கேட்கும்.

இதில் ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். எல்லா சாக்கும் வரிசையின் குற்றமல்ல. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அலையும் குவார்ட்டர்பேக்கும் தானே அடியை வாங்கிக்கொள்கிறார். காரும் அந்தப் பழியில் பங்கு உள்ளவர்தான். ஆனால் அங்கேயும் எச்சரிக்கை ஒன்று உண்டு. கற்றுக்கொண்டிருக்கும் வரிசைக்குப் பின்னால் கற்றுக்கொண்டிருக்கும் குவார்ட்டர்பேக்கை நிறுத்தினால், யார் தவறு செய்தார் என்று பயிற்சியாளருக்கே தெரியாமல் போகும். தவறு யாருடையது என்று தெரியாவிட்டால் யாரைத் திருத்துவது?

தேறிய வரிசைகள் எப்படித் தேறின?

டல்லஸ் கௌபாய்ஸ் 2011-இல் டைரன் ஸ்மித்தை எடுத்தது. ஒன்பதாவது தேர்வு என்பதற்காக நேரே லெஃப்ட் டேக்கிளில் நிறுத்தவில்லை. முதல் ஆண்டு வலது பக்கம் ஆடினார், இரண்டாம் ஆண்டு இடது பக்கம் வந்தார், பிறகு அங்கேயே வேரூன்றினார். 2013-இல் சென்டர் டிராவிஸ் ஃபிரெடரிக். 2014-இல் கார்ட் ஸாக் மார்ட்டின். மூவரும் முதல் சுற்றுத் தேர்வுகள், ஆனால் நான்கு ஆண்டில் பரவலாக வந்தவர்கள். ஒருவர் கால் ஊன்றிய பிறகு அடுத்தவர் வந்தார். வலது ஓரத்தில் டக் ஃப்ரீ என்ற பழைய ஆள் நின்றுகொண்டே இருந்தார். மார்ட்டின் முதல் ஆண்டிலேயே லீகின் மிகச் சிறந்த கார்டுகளில் ஒருவராகத் தேர்வானார் என்றால், அவரைச் சுற்றி நின்றவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. 2014-இல் அந்த வரிசைக்குப் பின்னால் ஓடிய டிமார்கோ மர்ரே 1,845 கெஜம் எடுத்தார்.

ஃபிலடெல்ஃபியாவின் ஜோர்டன் மைலாட்டா இன்னும் வினோதமான கதை. ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடியவர். அமெரிக்கக் கால்பந்தில் ஓர் ஆட்டம்கூட ஆடாதவரை 2018-இல் ஏழாவது சுற்றில், 233-ஆவது ஆளாக ஈகிள்ஸ் எடுத்தது. இரண்டு சீசன் அவரைக் களத்தில் இறக்கவே இல்லை. 2013 முதல் அங்கே லைன் பயிற்சியாளராக இருந்த ஜெஃப் ஸ்டவுட்லேண்ட், எப்படி நிற்பது என்பதில் தொடங்கிச் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் ஆண்டில்தான் முதல் தொடக்கம். 2024 சீசனில் மைலாட்டா இடது ஓரத்தைக் காத்த அந்த வரிசைக்குப் பின்னால் சாக்வான் பார்க்லி 2,005 கெஜம் ஓடினார், அணி சூப்பர் பவுலை வென்றது. அதே வரிசையில் ரைட் கார்டாக நின்ற மெக்காய் பெக்டன், நியூயார்க் ஜெட்ஸ் 2020-இல் 11-ஆவது ஆளாக எடுத்து, முழங்கால் காயங்களுக்குப் பிறகு கைவிட்டவர். ஓர் இடத்தில் வாடியவர் இன்னோர் இடத்தில் பிழைத்தார். பயன் மட்டும் பொறுமை காட்டிய அணிக்குப் போனது.

மிகச் சமீபத்திய பாடம் சிகாகோ பேர்ஸ். 2024-இல் முதல் தேர்வாக வந்த கேலப் வில்லியம்ஸ் முதல் சீசனிலேயே 68 சாக் வாங்கினார். ‘அனுபவம் வந்தால் சரியாகும்’ என்று நிர்வாகம் காத்திருக்கவில்லை. புதிய தலைமைப் பயிற்சியாளர் பென் ஜான்சன் வந்தார். ஜோ தூனி, ட்ரூ டால்மன், ஜோனா ஜாக்சன் என்று நடு மூன்று இடத்துக்கும் அனுபவசாலிகள் வந்தார்கள். இளைஞர்களைத் துரத்தவில்லை. 2023-இல் எடுத்த டார்னல் ரைட் வலது ஓரத்தில் தொடர்ந்தார். இரண்டாம் சுற்றுப் புதுமுகம் ஆஸி ட்ராபிலோ சீசனின் பிற்பாதியில்தான் இடது ஓரத்துக்கு வந்தார், அதுவும் தூனியின் பக்கத்தில். வில்லியம்ஸின் சாக் 24-ஆகக் குறைந்தது. அணி 11-6 என்று தன் பிரிவில் முதலிடம் பிடித்தது.

ஆக, இளமை குற்றமில்லை. துணையில்லாத இளமைதான் ஆபத்து.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் உஷார்

பந்தை விட்டுவிட்டு, ஆட்டத்துக்குப் பத்துத் தடவையாவது முன்வரிசையைப் பாருங்கள். கீழே உள்ளவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் உங்கள் அணி தப்பான பாதையில் போகிறது.

1. புதியவர்கள் இருவர் அடுத்தடுத்து நிற்பது. ஐந்தில் இருவர் இளைஞர்கள் என்றால் அவர்களுக்கு நடுவே ஓர் அனுபவசாலி வேண்டும். ஒரே பக்கம் இரண்டு பிஞ்சு என்றால், எதிரணிப் பயிற்சியாளர் அந்த வாரம் முழுக்க அந்த இடைவெளிக்குத்தான் திட்டம் போடுவார்.

2. இரண்டாம் வாரத் தவறு பத்தாம் வாரத்திலும் வருவது. புதியவர் தோற்பது இயல்பு. புதுப்புது விதத்தில் தோற்றால் கற்கிறார் என்று அர்த்தம். ஒரே விதமான இடம்மாற்றப் பாய்ச்சலில் திரும்பத் திரும்பக் கதவு திறந்தால் யாரும் கற்பிக்கவில்லை என்று அர்த்தம்.

3. துணைக்கு ஆள் வராதது. நல்ல பயிற்சியாளர் இளம் டேக்கிள் பக்கம், தடுக்கவும் பந்து பிடிக்கவும் தெரிந்த டைட் எண்டை நிறுத்துவார், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கை விட்டு எதிராளியைப் போகிறபோக்கில் ஓர் இடி இடிக்கச் செய்வார், பந்தைச் சீக்கிரம் கைமாற்றுவார். ஐந்து பேரை மட்டும் தனியே விட்டு நீண்ட எறிதலுக்குப் போகிற பயிற்சியாளர், அடுத்தவர் முழங்காலை வைத்துச் சூதாடுகிறார்.

4. இடம் மாற்றிக்கொண்டே இருப்பது. செப்டம்பரில் கார்ட், அக்டோபரில் டேக்கிள், நவம்பரில் மறுபக்கம் என்றால் அந்தப் பையன் எதையும் கற்கப் போவதில்லை.

5. லைன் பயிற்சியாளரை ஆண்டுதோறும் மாற்றுவது. குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் மாறினால் தலைப்புச் செய்தி ஆகும். லைன் பயிற்சியாளர் மாறினால் உள்பக்கத்தில் ஒரு வரி. உங்கள் அக்கறை இரண்டாவதில் இருக்கட்டும்.

6. காயத்திலிருந்து அவசரமாகத் திரும்புவது. முழங்கால் ஆறாத டேக்கிள் பின்னால் சாய்ந்து எடையைத் தாங்க மாட்டார். நெஞ்சில் முட்டித் தள்ளும் எதிராளியிடம் அது உடனே தெரிந்துவிடும்.

7. குவார்ட்டர்பேக்கின் கண். இதுதான் கடைசி மணி. தூரத்தில் ஆள் காலியாக நிற்கும்போதும் அவர் பார்வை களத்தை விட்டு முன்வரிசையின் காலடிக்குத் தாழ்ந்தால், யாரும் தொடாதபோதே கால் பதறினால், சேதம் தொடங்கிவிட்டது. அன்றைக்கு அணி ஜெயித்திருந்தாலும் சரி.

நல்ல வரிசை இருக்கிறதே என்பவர்களுக்கும்

எங்கள் வரிசை பழம் தின்று கொட்டை போட்டது, எங்களுக்கு என்ன கவலை என்று இருப்பவர்களும் கொஞ்சம் கேளுங்கள். டெட்ராய்ட் லயன்ஸ் 2024-இல் 15-2. லீகின் மிக உறுதியான வரிசைகளில் ஒன்று அவர்களுடையது. அடுத்த கோடைக்குள் ரைட் கார்ட் கெவின் ஸைட்லர் வேறு அணிக்குப் போனார். சென்டர் ஃபிராங்க் ராக்னோ 2025 ஜூனில் ஓய்வு அறிவித்தார். நடுப்பகுதியில் புதுமுகம் டேட் ராட்லெஜும் இரண்டாம் ஆண்டுக்காரர் கிறிஸ்டியன் மஹோகனியும் வந்தார்கள். அந்த சீசன் 9-8 என்று முடிந்தது, பிளேஆஃப் இல்லை. தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் பழைய வரிசை ஒரே கோடையில் இளம் வரிசையாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அடுத்தவரை முன்கூட்டியே வளர்க்காத அணி, ஒரு ஓய்வு அறிவிப்பில் நடுத்தெருவுக்கு வரும்.

லீகின் விதிப் புத்தகமே ஒரு குறிப்புக் கொடுக்கிறது. ஆட்ட நாளன்று 48 பேரைச் சீருடையில் இறக்க வேண்டுமென்றால், அதில் எட்டுப் பேராவது லைன்மேன்களாக இருக்க வேண்டும் என்கிறது 2020 ஒப்பந்தம். ஐந்து பேர் தொடங்குவார்கள், மூன்று பேர் காத்திருப்பார்கள். அந்த மூவரில் ஒருவராவது இரு ஓரத்திலும் நிற்கத் தெரிந்த பழைய கையாக இருக்கிறாரா? ஒரு டேக்கிள் விழுந்தால் அந்த ஓர் இடத்தில் மட்டும் மாற்றம் நடக்குமா, அல்லது ஒருவருக்காக மூவரை நகர்த்துவார்களா? 2023 ஜயண்ட்ஸ் கார்டு எஸூடுவை லெஃப்ட் டேக்கிளில் நிறுத்திப் பார்த்தது. பிறகு ஒப்பந்தமே இல்லாமல் வீட்டிலிருந்த ஜஸ்டின் ப்யூவை அக்டோபரில் அழைத்துவந்து, பஃபலோவில் அந்த இடத்தில் நிறுத்தியது.

ஆகஸ்ட் கடைசியில் ஒவ்வோர் அணியும் 53 பேர் பட்டியலை வெளியிடும். எல்லோர் கண்ணும் பந்து பிடிப்பவர்கள் பெயரில் இருக்கும். நீங்கள் லைன்மேன்கள் பெயரை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யார் பக்கத்தில் யார், எத்தனை ஆண்டு அனுபவம், போன ஆண்டு அதே இடமா, அதே பயிற்சியாளரா என்று எழுதுங்கள். பத்து நிமிட வேலை. அதில் ஓட்டை தெரிந்தால் உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதுங்கள், வானொலி விவாதத்தில் கூப்பிட்டுக் கேளுங்கள், சீசன் டிக்கெட் புதுப்பிக்கும்போது சொல்லுங்கள். அனுபவமுள்ள ஒரு கார்டை அழைத்துவர நிர்வாகத்துக்கு இன்னும் நேரம் இருக்கும் காலம் அது. அக்டோபரில் சந்தையில் நல்ல லைன்மேன் கிடைக்க மாட்டார். அப்போது கத்தி என்ன பயன்? இப்போதே கேளுங்கள்.